நெருஞ்சிவலசில் துப்பாக்கி துடைக்கும் நாள்

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கூடத்துக் கட்டிலில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தன் ரைபிளைக் கிடத்தி, மண்ணெண்ணெயில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணித்துண்டைக் கம்பியின் முனையில் கோத்து, குழலின் பின்வாயில் விட்டு முன்வாய் வழியாகத் தெய்வானை வெளியே தள்ளியபோது, நெருஞ்சிவலசில் இருந்த இருநூற்றுப் பதினாலு பேருக்கும் ஒரே நேரத்தில் மூக்கடைப்பு விட்டது.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த தலைமையாசிரியர் எத்திராஜ், இருபது வருடமாகப் பீனிசத்தோடு குடும்பம் நடத்தியவர், எழுதுவதை நிறுத்திவிட்டுச் சாக்பீஸை மூக்கருகே கொண்டுபோய் இதன் வாசனை இப்படித்தான் இருக்குமா என்று முகர்ந்து பார்த்தார். பிறந்து நாற்பது நாளான ஒரு குழந்தை முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு தூங்கியது. ரேஷன் கடைக்கு முன்னால் மூன்று மாதமாக அடைத்துக் கிடந்த சாக்கடை சலசலவென்று ஓட ஆரம்பித்தது. மரவள்ளிக் காடுகளில் உப்புப் பிடித்துக் கிடந்த சொட்டுநீர்க் குழாய்களின் ஓட்டைகளிலெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக வந்து நின்றது. பருவம் மாறுகிறது, அதுதான் என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்த்தது.

பதினைந்து நாள் கழித்து மறுபடியும் நடந்தது. அதற்கடுத்த பதினைந்தாம் நாளும் நடந்தபோது, எதிர்வீட்டுச் சம்பூரணம் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தாள். தையல்காரியான அவள்தான் ரைபிளுக்கு வேண்டிய மெஷின் எண்ணெயைத் தெய்வானைக்குக் கொடுப்பவள். அவள் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெய்வானை வீட்டுக் கட்டில் நேராகத் தெரியும்.

"ஏனுங்கக்கா, இன்னொருக்கா அந்தக் கம்பிய உள்ள உடுங்க பாக்கலாம்."

தெய்வானை விட்டாள். சம்பூரணம் மூக்கின் ஒரு துவாரத்தை மூடி மறு துவாரத்தால் மூச்சு இழுத்தாள், பிறகு மாற்றி இழுத்தாள், பிறகு நேராகத் தெருவில் இறங்கிப் போய் முதலில் டீக்கடையிலும் அப்புறம் ஊராட்சி அலுவலகத்திலும் சொன்னாள்.

தெய்வானைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அந்த ரைபிள் அவளுடைய அப்பா மாரப்பன் வைத்திருந்தது. மலையடிவாரத்துப் பயிரைக் காட்டுப்பன்றி தின்னாமல் காப்பதற்காக, வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டுவதற்கு மட்டும் என்று உரிமம் கொடுத்திருந்தார்கள். அப்பா போன பிறகு திருப்பூரிலிருந்த தம்பி எனக்கு எதற்கு இந்த வம்பு என்று கையை விரித்துவிட, தெய்வானை மூன்று வருடம் மனு எழுதி, அலைந்து, எந்த மேசைக்குப் போனாலும் உங்க வீட்டுக்காரர் பேரில் கேட்கலாமே என்றவர்களிடம் அவருக்குச் சத்தம் ஆகாதுங்க என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தன் பேரிலேயே வாங்கிவிட்டாள். போர்வையில் சுற்றி டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து அதை ஊருக்குக் கொண்டுவந்த அன்று, இனி அர்த்தநாரி வாயைத் திறப்பானா என்று ஆண்கள் சிரித்தார்கள். அர்த்தநாரி அவள் புருஷன். பெண்கள் சிரிக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு பஸ் நிறுத்தத்தில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருந்தது. துப்பாக்கிக்காரி என்பது அவளுடைய பேராகிப் போனது.

அவள் துடைப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்பாள். கண்ணை நம்பாமல் சுண்டுவிரலை விட்டும் பார்ப்பாள். பிறகு போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, பித்தளைப் பிரஷ்ஷால் குழலைத் தேய்த்து, ஈரத்துணி விட்டு, உலர்ந்த துணி விட்டு, போன துணி போனபடியே வெள்ளையாக வெளிவரும்வரை விட்டு, கடைசியில் எண்ணெய் தொட்ட துணியை ஒரே ஒரு தடவை விடுவாள். துப்பாக்கியின் மரக்கட்டைக்குப் பெயிண்ட் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு வரும்வரை தேய்ப்பாள். சுடுவது மாதத்தில் இரண்டு தடவை இருந்தால் அதிகம், துடைப்பதோ பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவறாது.

மூக்கு விஷயம் தெரிந்த பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. அவள் போல்ட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தால் ஊரில் இருக்கிற கதவுக் கீல்களும் கைப்பம்பும் கிழவர்களின் முழங்காலும் ஓசையில்லாமல் மடங்கின. கட்டையைத் துடைத்தால் பித்தவெடிப்பு ஆறியது. திருகாணியை இறுக்கினால் ஆடிக்கொண்டிருந்த பற்கள் நின்றன, நிச்சயம் பண்ணி இழுத்துக்கொண்டே கிடந்த ஒரு கல்யாணத்துக்குத் தேதி குறித்தார்கள். ஊராட்சித் தலைவர் வையாபுரி, எதையும் சுவரில் எழுதிவிட்டால் அது ஒழுங்காகிவிடும் என்று நம்புகிறவர், தண்ணீர் விடும் நேரத்துக்குக் கீழே "துப்பாக்கி துடைக்கும் நாள்: ஒன்று விட்டு ஒரு வியாழன்" என்று நீல எழுத்தில் எழுத வைத்தார்.

அந்த வியாழக்கிழமைகளில் பத்துமணி பஸ் ஊர் எல்லைக் கல்லைத் தாண்டியதும் பத்து நிமிடம் நின்றது, ஏனென்றால் கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்தால்தான் பலிக்கும், அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி நின்றாலும் பலிக்காது. பக்கத்து ஊர்க்காரர்கள் சளி பிடித்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லுக்கு உள்பக்கம் வேலிநிழலில் உட்கார்ந்தார்கள். முகூர்த்தத்துக்குப் போகிற நாதஸ்வரக்காரர் ஒருவர் தன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தார். மாதம் ஒருமுறை வந்த கிராம செவிலியர் நோட்டைத் திறந்து, யாருக்கும் ஒன்றுமில்லை என்று எழுதி, தன் மூக்கையும் ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு தடவை, இன்னும் கொஞ்சம் தாராளமாக விடு தெய்வானை, எங்கம்மாவுக்கு இடுப்பு இன்னும் பிடிக்குது என்று தலைவர் கேட்டுக்கொண்டதற்காக அவள் எண்ணெயைக் கூடுதலாக விட்டாள். அந்த வாரம் முழுக்க ஊரில் எதுவும் கையில் நிற்கவில்லை. குடம் நழுவியது, கட்டிலிலிருந்து ஆட்கள் நழுவினார்கள், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி ஒப்படைத்த விஷயங்களெல்லாம் வாயிலிருந்து நழுவின. அதிக எண்ணெய் துப்பாக்கிக்கும் ஆகாது, தூசி பிடிக்கும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் அவளுக்குப் பக்கத்திலிருந்த காலியிடம் நிறைந்துவிட்டது. அவளுக்காக இடம்பிடித்து வைத்தார்கள். அவரைக்காய் காய்த்தால் முதல் கை அவள் வீட்டுக்குத்தான் வந்தது. தெய்வானையக்கா, தெய்வானையம்மா, எங்க தெய்வானை என்று கூப்பிட்டார்கள். அவள் அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் வியாழக்கிழமைகளில் இஸ்திரி போட்ட சேலை கட்ட ஆரம்பித்தாள்.

ரைபிளுக்கு நகை பூட்டலாம் என்ற யோசனை ஊருடையது. துடைத்ததற்கே இவ்வளவு என்றால் ஏதாவது சேர்த்தால் எவ்வளவு என்று டீக்கடையில் பேச்சு வந்தது. முதலில் தோளில் மாட்டும் பழைய கான்வாஸ் வாரைக் கழற்றிவிட்டுச் சம்பூரணம் தன் கையாலேயே இரட்டைத் தையல் போட்ட தோல் வார் மாட்டினார்கள். தெய்வானை கொக்கியை மாட்டி வாரை இழுத்துச் சரிபார்த்த அந்த நொடியில், ஊரில் எல்லோருடைய தோளிலும் யாரோ பக்கத்தில் நின்று கைபோட்டது போல் ஓர் இதமான பாரம் வந்து உட்கார்ந்தது. களத்தில் தனியாக நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, தனியாகச் சோறு பொங்கித் தின்றுகொண்டிருந்த நாலைந்து பேர் அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரை இன்றுவரை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

அடுத்தது கட்டையின் பின்பக்கம் தோளில் பதிகிற இடத்தில் மாட்டும் ரப்பர் மெத்தை. அதை மாட்டிய பிறகு ஊரில் திட்டு உறைக்கவில்லை. மாமியார்கள் வழக்கமான வேகத்தில்தான் சொன்னார்கள், ஆனால் போய்ச் சேரும்போது அது தலையணையால் அடித்தது மாதிரி மெத்தென்று விழுந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள், சொன்னவர்களுக்கும் கொஞ்ச நாளில் சலித்துவிட்டது.

டெலஸ்கோப்பைத் தலைவர் வையாபுரியே கோயம்புத்தூர் போய் வாங்கி வந்தார். இரண்டு வளையம் வைத்துக் குழலுக்கு மேலே நான்கு திருகாணியால் பொருத்தியதும், நெருஞ்சிவலசுக்காரர்களுக்குத் தூரம் முழுக்கக் கண்ணுக்குப் பக்கத்தில் வந்தது. எட்டு மைல் தள்ளி வருகிற பஸ்ஸில் யார் நின்றுகொண்டு வருகிறார்கள் என்று சொன்னார்கள். மலையுச்சிப் பாறையில் ஓணான் தலையாட்டுவதைப் பார்த்தார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பது தெரியவில்லை. உப்பும் சர்க்கரையும் மாறின. பிள்ளையை அடையாளம் காண வேண்டுமென்றால் அது முப்பதடி தள்ளி ஓட வேண்டியிருந்தது. புருஷன் பெண்டாட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதற்குக் காட்டின் இரண்டு மூலைக்குப் போய் நின்று கத்தினார்கள்.

அப்படித்தான் அர்த்தநாரி தன் மரவள்ளிக் காட்டின் மேற்கு ஓரத்திலிருந்து, அரைமைல் தள்ளி வீட்டு வாசலில் நின்ற தெய்வானையைப் பார்த்தான். இருபத்தி மூன்று வருடம் கூடவே இருந்தும் தெரியாத ஒரு சின்னத் தழும்பு அவள் தாடைக்குக் கீழே இருந்தது. காதோரம் நரைத்திருந்தது. அவள் எதையோ பார்த்து முகம் சுருங்கி நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனைத்தான். பன்றி பிடுங்கிப் பாதி கடித்துப் போட்ட கிழங்கு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, யாரையும் பார்க்காமல் அவன் எதையோ சொல்லிக்கொண்டே இருந்ததை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் அவன் ஒன்றும் சொல்வதில்லை.

அன்று சாயங்காலமே அவள் திருகாணிகளைக் கழற்றி டெலஸ்கோப்பைத் தலைவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

பன்றி விஷயம் இதுதான். மூக்கு திறந்த நாளிலிருந்து அந்தத் துப்பாக்கி ஒருமுறைகூடச் சுடவில்லை. விஷயம் தெரிவதற்குள் சுடத் தேவை வரவில்லை, தெரிந்த பிறகு ஊர் சுட விடவில்லை. துடைத்தால் மூக்கு, எண்ணெய் விட்டால் முட்டி என்றால், சுட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருதயம் வெடித்துவிடும் என்றார் ஒருவர். ஊரே வாய்வழியாகப் பறந்துபோய் அந்தியூர்ச் சந்தையில் விழும் என்றார் இன்னொருவர். எத்திராஜ் அறிவியல்படி ஒரு பெரிய தும்மலோடு முடிந்துவிடும் என்று கருதினார், ஆனால் அதையும் சோதித்துப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. மறு உத்தரவு வரும்வரை துப்பாக்கியால் சுடக்கூடாது என்று தலைவர் தீர்மானம் போட்டு, அதையும் சுவரில் எழுதினார்.

சுவரைப் பன்றிகள் படித்திருக்க வேண்டும். முதல் மாதம் காட்டோர வரப்பைக் கிளறின. இரண்டாம் மாதம் மக்காச்சோளத்தில் இறங்கின. மூன்றாம் மாதம் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பகலிலேயே வந்து, அர்த்தநாரியின் மரவள்ளியை வரிசை தப்பாமல் பிடுங்கித் தின்றுவிட்டு, சொட்டுநீரில் வாய் கழுவிக்கொண்டு போயின. அந்தக் கூட்டத்துக்குத் தலைவனாக, இடது பக்கம் மட்டும் நீண்டு வளைந்த கோரைப்பல் உள்ள ஒரு பெரிய ஆண்பன்றி இருந்தது. அதற்கு ஒத்தக்கோரை என்று பேர் வைத்திருந்தார்கள்.

டெலஸ்கோப்பைக் கழற்றிய மறுநாள், அர்த்தநாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெய்வானை அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"காட்டுல யாருகிட்டப் பேசிட்டு இருந்தீங்க?"

"யாருகிட்டயும் இல்ல."

"ஒதடு ஆடுச்சு, பாத்தனே."

அவன் சோற்றைப் பிசைந்தான். "கெழங்குகிட்டச் சொல்லிட்டு இருந்தேன். எம்பட பொண்டாட்டி ஊருக்கெல்லாம் மூக்கத் தொறந்து உடறா, உனக்கு ஒரு வெடி போட நேரமில்லைன்னு."

"ஊரு வேண்டாங்குது. தீர்மானம் போட்டிருக்காங்க."

"ஊரு வேண்டாங்குது, செரி. நீ என்ன சொல்றே புள்ள?"

அவள் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். அவன் தண்ணீர் குடித்துவிட்டுக் கையைக் கழுவ எழுந்தபோதுதான் சொன்னாள்.

"எனக்குப் பயமாருக்குதுங்க."

"என்னத்துக்கு, செத்துப் போவோம்னா?"

"அதில்ல. சுட்டு, அதோட எல்லாம் நின்னு போச்சுன்னா? மறுக்காவும் நான் துப்பாக்கிக்காரி ஆயிருவேன். பஸ்ஸுக்கு நின்னா பக்கத்துல ஆளு உக்காராது. உங்களுக்கென்னங்க, நீங்க எப்பவும் அர்த்தநாரிதான்."

அர்த்தநாரி ஈரக்கையோடு நின்றான். இப்படி ஒரு பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. கோபப்பட நினைத்து வந்திருந்தான், கோபம் ரப்பர் மெத்தையில் பட்டது போல எங்கோ அமுங்கிப்போனது.

"செரி உடு. நான் டின்னு தட்டிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து நாள் டின்னைத் தட்டினான். பன்றிகள் முதல் நாள் நிமிர்ந்து பார்த்தன, இரண்டாம் நாள் காது அசைத்தன, மூன்றாம் நாளிலிருந்து அது ஏதோ சாப்பாட்டு மணி என்று எடுத்துக்கொண்டன. பதினோராம் நாள் மாலை நாலரை மணிக்கு, வெயில் இன்னும் மஞ்சளாகாத நேரத்தில், கடைசியாக மிச்சமிருந்த நான்கு வரிசை மரவள்ளிக்கு முன்னால் அர்த்தநாரி டின்னைக் கீழே போட்டுவிட்டுக் கையை விரித்துக்கொண்டு நின்றான். இதற்கு மேல் விடமாட்டேன் என்றான். பன்றிக் கூட்டம் நின்றது. ஒத்தக்கோரை மட்டும் கூட்டத்தை விட்டு முன்னால் வந்து, தலையைத் தாழ்த்தி, பின்னங்காலால் மண்ணைத் தள்ளியது.

அர்த்தநாரியின் காடு ஊருக்குப் பக்கம்தான். தெருக்கோடியிலிருந்து பார்த்தால் மனிதன் தெரிவான், பன்றி தெரியும், நடுவே இருக்கிற தூரமும் தெரியும். ஓடி வந்து சொன்னது சம்பூரணம். தெய்வானை துப்பாக்கியையும் ஒரு தோட்டாவையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது ஊர் பாதி அங்கே கூடியிருந்தது, தலைவர் வையாபுரி வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"தெய்வானை, யோசிச்சுக்க. இருநூத்திப் பதினாலு உசுரு."

"அதுல அங்க நிக்கறதும் ஒண்ணுங்க."

"தீர்மானம் இருக்குது."

"தலைவரே, நான் ஒரு நாளும் மனுசர் பக்கம் குழல நீட்டுனதில்ல, இன்னைக்கும் நீட்ட மாட்டேன். நீங்களே விலகிருங்க."

தலைவர் விலகவில்லை. விலக்கியது அவருடைய அம்மா, இடுப்புப் பிடிப்பு விட்டுப் போயிருந்த தொண்ணூறு வயதுக்காரி. அவள் பின்னாலிருந்து மகனின் சட்டையைப் பிடித்து இழுத்து, சாவறதுன்னா எல்லாருமே சேந்து சாவலாம், நீ தள்ளு என்றாள்.

தெய்வானை தெருக்கோடிக்குப் போய் நின்றாள். போல்ட்டைப் பின்னால் இழுத்தாள், தோட்டாவை வைத்தாள், அடைத்தாள். அந்தச் சின்ன ஓசைக்கு ஊரில் எல்லோருக்கும் வாய் தானாக மூடிக்கொண்டது. ஒத்தக்கோரை ஓட ஆரம்பித்திருந்தது. அவள் கட்டையைத் தோளில் அழுத்தி, மேற்கே மலைக்கு மேலிருந்த வெறும் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத இடத்தைத் தேர்ந்து, மூச்சைப் பாதி விட்டு, விசையை இழுத்தாள்.

யாருக்கும் இருதயம் வெடிக்கவில்லை. நெருஞ்சிவலசு ஓரடி பின்னால் போனது.

ஆட்கள் மட்டுமல்ல. வீடுகள், மாட்டுக் கொட்டகைகள், கிணறுகள், கிணற்றுக்குள்ளிருந்த தண்ணீர், மாரியம்மன் கோயில், சுவரில் எழுதியிருந்த தீர்மானம், மரவள்ளிக் காடு, அதில் கையை விரித்து நின்ற அர்த்தநாரி எல்லாம் சேர்ந்து, துப்பாக்கி தோளில் உதைத்தபோது எப்படித் தெய்வானை ஓரடி பின்னால் போனாளோ அப்படியே கிழக்கே ஓரடி போயின. அடுப்பிலிருந்த பால் ஆடி நின்றது. வேலித் தகராறில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்த இரண்டு பேர் பிடித்தபடியே போனார்கள். அந்த ரப்பர் மெத்தை மட்டும் இல்லாதிருந்தால் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எத்திராஜ் பிறகு கரும்பலகையில் போட்டுப் பார்த்துவிட்டு, விடையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் அழித்துவிட்டார்.

ஒத்தக்கோரை ஊர்க்காரன் அல்ல. அது மலையைச் சேர்ந்தது, ஆகவே அது போகவில்லை. அர்த்தநாரியின் வயிறு எங்கே இருந்ததோ சரியாக அந்த இடத்தில் அதன் கோரைப்பல் காற்றைக் கிழித்தது. வயிறு ஓரடி தள்ளிப் போயிருந்தது. காலுக்குக் கீழிருந்த மண் இழுத்துக்கொண்டு போனதில் பன்றி தடுமாறி, நாய் உட்காருவது போலப் பின்புறத்தில் உட்கார்ந்தது. அவன் மல்லாக்க விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். கொஞ்ச நேரம் இருவரும் உட்கார்ந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒத்தக்கோரை எழுந்து, உடம்பை ஒருமுறை சிலிர்த்து, யாரையும் பார்க்காமல் மலையை நோக்கி நடந்தது. கூட்டம் அதன் பின்னால் போனது.

ஊர் தன்னைத் தடவிப் பார்த்தது. எல்லோரும் இருந்தார்கள். சிரிப்பதற்காக வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, எல்லோருடைய நாக்கும் கறுப்பாக இருந்தது. தொண்டையில் தீக்குச்சி எரிந்த கசப்பு. துப்பினால் கரி. குரல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கரகரத்துப் போய், யார் பேசுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுட்ட துப்பாக்கியை உடனே துடைக்காவிட்டால் குழலில் கரி பிடித்துத் துரு ஏறிவிடும் என்பது இப்போது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆகவே எல்லோரும் தெய்வானை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"சீக்கிரம் தொடச்சு உடு ஆத்தா" என்று அந்தக் கரகரத்த குரல்களில் ஒன்று சொன்னது. தலைவராக இருக்க வேண்டும்.

தெய்வானை துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அர்த்தநாரியைக் கட்டிலில் உட்காரவைத்து, முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணை வெந்நீரால் கழுவினாள்.

"தொடைக்கறேனுங்க" என்றாள் வாசலைப் பார்த்து. "மொதல்ல இவருக்கு."

துப்பாக்கி துடைக்கத் துவைத்து வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஒன்றைக் கிழித்து, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக் கட்டுப் போட்டாள். காப்பி வைத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாசலில் இருநூற்றுச் சொச்சம் பேர் கறுப்பு நாக்கோடு காத்திருந்தார்கள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

"சுட்டுட்டியே புள்ள" என்றான் அவன், அவனுக்கும் கரகரத்தது. "இனி தொடச்சு ஒண்ணும் ஆகலன்னா?"

"ஆகாட்டி போகுது. பஸ்ஸுல நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க."

பதினோரு துணி போனது. முதல் துணிக்குத் தொண்டையின் கசப்பு போனது, நான்காவதுக்கு நிறம் திரும்பியது, ஏழாவதுக்கு ஒவ்வொருவருடைய குரலும் அவரவருக்குத் திரும்பி வந்தது. பதினோராவது வெள்ளையாக வெளியே வந்தபோது வாசலில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆழமாக மூச்சு இழுத்தார்கள், அந்த இழுப்பில் கதவுத் திரை வெளிப்பக்கமாகப் பறந்தது.

விளைவு என்று ஒன்று இருந்தது. கிழக்கே தார்ரோடு ஓரடி குறுகிப்போய், எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டியிருந்தது. கண்டக்டர் அதைப் பற்றி முணுமுணுத்தார். மேற்கே, ஊரின் கடைசி வயலுக்கும் மலைக்காட்டுக்கும் நடுவே, யாரும் எக்காலத்திலும் பார்த்திராத சிவந்த புது மண், ஓரடி அகலத்தில், மலையடிவாரம் நெடுக ஒரு நாடா மாதிரி விழுந்திருந்தது. அதில் ஒரு புல்கூட இல்லை. ஒரு வாரம் எல்லோரும் போய்ப் போய்ப் பார்த்தார்கள். பிறகு அர்த்தநாரி ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியைக் கொண்டுபோய் அந்த நாடா முழுக்க நட்டான். கேட்டவர்களிடம், பிடுங்கித் தின்ன வர்றவனுக்கு வாசல்லயே ஒரு வாய் வெச்சுட்டா உள்ள எதுக்கு வரப்போறான் என்றான். கிழங்கு இறங்கும் பருவத்தில் பன்றிகள் வந்தன, தின்றன, அங்கேயே திரும்பின. எப்போதாவது ஒன்றிரண்டு மறந்துபோய் உள்ளே கால் வைத்தால், தெய்வானை ஊருக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பி, பாலை இறக்கி வைக்கச் சொல்லி, கிழவர்களைத் தூணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒரு வெடி போட்டாள். நாடா இன்னும் ஓரடி அகலமானது. அர்த்தநாரி இன்னும் ஒரு வரிசை குச்சி ஊன்றினான். சுவரிலிருந்த பழைய தீர்மானத்தைத் தலைவர் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டு, அதன்மேல் வெடி போடும் நேரத்தை எழுத வைத்தார்.

நாலாவது அடி நகர்ந்த பிறகு, தார்ரோடு விஷயமாக யாரோ மனுக் கொடுத்து, சர்வேயர் ஒருவர் அளக்க வந்தார். சங்கிலியை இழுத்தார், கல்லைத் தேடினார், வரைபடத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார். இரண்டு நாள் அளந்தும் ஊர் நாலடி கிழக்கே இருந்தது. அப்படியானால் சரி என்று அவர் அதை எழுதிக்கொண்டார், ஏனென்றால் அளவு என்ன சொல்கிறதோ அதை எழுதுவதுதான் அவர் வேலை. கடைசியாக மேற்கு எல்லைக்கு வந்து, மரவள்ளி நட்டிருந்த அந்தச் சிவப்பு நாடாவுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எந்த சர்வே நம்பர்லயும் வரலீங்களே. காட்டு இலாகாவோடதும் இல்ல, உங்க பட்டாவிலயும் இல்ல. புதுசா நம்பர் போட்டுத்தான் ஆகணும். உடைமையாளர் பேரு என்னன்னு எழுதட்டும்?"

தலைவர் எத்திராஜைப் பார்த்தார். எத்திராஜ் அர்த்தநாரியைப் பார்த்தார். இடம் சும்மா வந்தது என்பதால் அதைத் தன்னுடையது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தோளில் வாரோடு நின்ற தெய்வானைதான் சொன்னாள்.

"திங்கறது யாரு, அவங்க பேருலயே எழுதிருங்க. பன்னிங்கன்னு."

சர்வேயர் அவளை நிமிர்ந்து பார்த்தார். மரவள்ளி இலைகளையும், அவற்றுக்கு அடியில் பதிந்து கிடந்த குளம்படிகளையும் பார்த்தார். பிறகு அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டு, பேனாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார்.

"தகப்பனார் பேரு?"

அர்த்தநாரி முழங்கையைத் தடவிக்கொண்டான்.

"ஒத்தக்கோரைன்னு போட்டுக்கங்க" என்றான்.

"ஒத்த" என்று சர்வேயர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "க்கோரை. வல்லின ற-வா, இடையின ர-வா?"